14 பூத்துணிகளும் ஒரு கண்டாங்கிச் சேலையும்: யீஷூனில் தைத்த ஒரு நவீன குவில்ட் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் 38 வயதுப் பெண். சிங்கப்பூரின் யீஷூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். அலுவலகத்தில் கணக்கு வேலை. பாவாடை, தலையணை உறை, பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்குக் கீழ் மடிப்பு என்று வீட்டுத் தையல் எல்லாம் நன்றாகவே வரும். குவில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, அது மட்டும் அதுவரை தைத்ததில்லை.

நான் அவருடைய பக்கத்து புளோக். பல ஆண்டுகளாகப் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், குவில்ட்டும் தைக்கிறேன். தொடக்கம் முதல் கூட இருந்து பார்த்ததால் எழுதுகிறேன். இதில் நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய தம்பிக்குத் தெங்காவில் புது வீட்டுச் சாவி கிடைத்தது. செப்டம்பரில் புதுமனைப் புகுவிழா. சோபாவில் போட்டுக்கொள்ள ஒரு குவில்ட் தைத்துக் கொடுக்கலாம் என்று இவர் நினைத்தார். தம்பி மனைவியிடம் கேட்டபோது வந்த பதில் தெளிவாகவே இருந்தது: "அண்ணி, எங்க ஹால் முழுக்க வெள்ளையும் சாம்பலும்தான். ரொம்பப் பூப்போட்டதா வேண்டாம், சிம்பிளா இருந்தா நல்லா இருக்கும்."

இவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. காரைக்குடியில் அம்மா உடுத்திய கண்டாங்கிச் சேலை ஒன்று இவரிடம் இருக்கிறது. கடுகு மஞ்சள் உடலில் அரக்கும் கறுப்பும் கட்டங்களாக ஓடும் சேலை. இப்போது அம்மா இல்லை. அந்தச் சேலையில் கொஞ்சமாவது தம்பி வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சிங்கப்பூர் வெக்கைக்குப் போர்வை எதற்கு என்று யாராவது கேட்கலாம். ஏர்கான் போட்டு உட்கார்ந்து டிவி பார்க்கிற எந்த வீட்டுச் சோபாவிலும் ஒரு மெல்லிய போர்வை கிடக்கும், பாருங்கள்.

முதல் கொள்முதல்

இரண்டு வார இறுதிகளில் தேக்கா, அரபு ஸ்திரீட், பீப்பள்ஸ் பார்க் என்று அலைந்து துணி வாங்கினார். ஒவ்வொன்றிலும் அரை கஜம், மொத்தம் 14 துணிகள். எல்லாமே அச்சுத்துணி: ரோஜா, மாங்காய், இலைக்கொடி, இரண்டு சுங்குடி மாதிரிகள். அள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் பரப்பியபோது எனக்கும் கண் நிறைந்துதான் போனது.

குவில்ட்டின் அளவு 48க்கு 60 அங்குலம். 12 அங்குலக் கட்டங்கள் 20. ஒவ்வொரு கட்டத்திலும் 9 சதுரங்கள், ஆக 180 சதுரங்கள். சதுரம் தைத்தபின் 4 அங்குலம் வர வேண்டும், சுற்றிலும் கால் அங்குலத் தையல், அதனால் 4½ அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் ஒரு பட்டைக்கு 9 சதுரம் கிடைக்கும். 20 பட்டை வெட்டினால் 90 அங்குலம், அதாவது 2½ கஜம். அவர் வாங்கியிருந்தது 7 கஜம். தாளில் கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போகவில்லை. துணியை வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற கணக்கைத் தேடினோம்.

நான்கு கட்டங்களில் தெரிந்தது

மார்ச்சில் நான்கு கட்டங்கள் தைத்து முடித்தார். தையல் நேர்த்தியாக இருந்தது, சில சதுரங்கள் கோணியதைத் தவிர மூலைகள் சரியாகச் சேர்ந்தன. ஆனால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை. தனியாகப் பார்த்தால் அவ்வளவு அழகாக இருந்த துணிகள் சேர்ந்ததும் கலங்கலாகத் தெரிந்தன. தான் தைத்ததில்தான் ஏதோ கோளாறு என்று அவர் இரண்டு முறை பிரித்துத் தைத்தார். அதில் மாதம் முடிந்தது.

காரணம் எங்களுக்கு உடனே புரியவில்லை. நான் தைக்கும் குவில்ட்டுகள் பழைய பாணி, நிறைய பூக்கள் வரும். அதனால் "இன்னும் தைத்துப் பார், சரியாகிவிடும்" என்பது போன்ற யோசனைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னர் கண்டுபிடித்த காரணங்களை இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.

முதலாவது, 14 துணிகளும் வெளிச்சத்திலும் இருளிலும் ஒரே அளவில் இருந்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் வேறுபட்டதே தவிர, எதுவும் மிக வெளிறியதில்லை, எதுவும் மிக அடர்ந்ததில்லை. கட்டங்களின் வடிவம் கண்ணுக்குத் தெரிவது நிறத்தால் அல்ல. பக்கத்தில் இருப்பதைவிட ஒன்று வெளிறியோ அடர்ந்தோ இருந்தால்தான் அதன் ஓரம் தெரியும்.

இரண்டாவது, பூக்களின் அளவு. பெரும்பாலான துணிகளில் பூ இரண்டு, மூன்று அங்குலம். அதை 4½ அங்குலமாக வெட்டும்போது பாதிப் பூ, கால் இலை என்றுதான் கிடைக்கும். கண் தங்கி இளைப்பாற ஒரு பிளெயின் துணிகூட அந்தக் குவியலில் இல்லை.

மூன்றாவது, துணியின் ரகம். ஓரத்தில் ஓர் இழை உருவி மெழுகுவத்தியில் காட்டிப் பார்த்தோம். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, கறுத்த கெட்டி மணியாக நிற்கும். இரண்டு துணிகளில் மணி நின்றது. இன்னொன்று பருத்திபோலவே எரிந்தது, ஆனால் கையில் வழுக்கிக்கொண்டு தொங்கியது. அது ரேயான். ரேயானையும் பருத்தியையும் நெருப்பு பிரித்துக் காட்டாது. இழையை நனைத்து இழுத்தால் ரேயான் சட்டென்று அறுந்துவிடும், அதைக் கொண்டுதான் தெரிந்துகொண்டோம். முன்பே தெரிந்திருந்தால், அந்த ரேயான் சதுரங்கள் இழுபட்டுக் கோணியதற்கு அவர் தன் கையைக் குறை சொல்லியிருக்க வேண்டியதில்லை.

குழுவிடம் இரண்டு முறை

மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு சமூக மன்றத்தின் அறையில் குவில்ட் தைப்பவர்கள் கூடுகிறார்கள். பதினைந்து பேர் வரை வருவார்கள். சீனர், மலாய்க்காரர், வேலைக்காக இங்கே வந்து தங்கியிருக்கும் ஜப்பானியர், பிலிப்பினோக்கள் எல்லாரும் உண்டு. நானும் எப்போதாவது போவேன். ஏப்ரலில் அவரை அழைத்துப் போனேன்.

அன்று அவர் வெறுங்கையோடு வந்தார். "பார்த்துட்டு மட்டும் வர்றேன் அக்கா" என்றார். எல்லாரும் தைத்து முடித்ததை விரித்துக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையால் தைத்த தையல் அங்குலத்துக்குப் பத்து என்று யாரோ வியந்தார்கள். இவர் ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடத்தில் பிள்ளையைச் சொல்லிக் கிளம்பிவிட்டார். மே மாதம் வரவில்லை. தையலும் நின்றுபோனது.

யாரும் அவரை ஒதுக்கவில்லை. ஆனால் யாரும் அவரிடம் பேசுவதற்கு அவர் கையில் எதுவும் இல்லை. புதிதாக வருபவரிடம் "என்ன தைக்கிறீர்கள்?" என்று கேட்பதுதான் அங்கே பேச்சைத் தொடங்கும் வழி. அந்தக் கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. கூட அழைத்துப் போன நான் இதை யோசித்திருக்க வேண்டும்.

ஜூனில் நான் வற்புறுத்தியதால் வந்தார். இந்த முறை அந்த நான்கு கட்டங்களையும் மிச்சத் துணிகளையும் கண்டாங்கிச் சேலையையும் ஒரு பையில் எடுத்து வரச் சொன்னேன். எடுத்துக் காட்டக் கூச்சப்பட்டார். "இது சரியா வரல, ஏன்னு தெரியல" என்று மட்டும் சொல்லி மேசையில் வைத்தார்.

ஐந்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய சீன ஆன்ட்டி ஒருவர், பேசாமல் கைப்பேசியை எடுத்து அந்த நான்கு கட்டங்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து நீட்டினார். திரை முழுக்க ஒரே சாம்பல். 36 சதுரங்களில் ஒன்றின் ஓரம்கூடத் தெரியவில்லை. மூன்று மாதமாக நாங்கள் இருவரும் பார்த்தும் காணாததை அந்த ஒரு படம் காட்டியது.

அப்புறம் சேலையை விரித்தார்கள். எல்லாரும் பூத்துணிகளை மறந்துவிட்டு அதன் மேல்தான் கை வைத்தார்கள். இது கைத்தறியா, எப்படித் தெரியும், இந்த மஞ்சளுக்கு என்ன பெயர் என்று கேள்விமேல் கேள்வி. அங்கே அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். செட்டிநாட்டில் நெய்வது, கட்டமும் பட்டையும்தான் இதன் அடையாளம், 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று சொன்னார். பூத்துணிக் குவியலில் இருந்த சுங்குடியை எடுத்து, இது முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, அந்த மாதிரியில் அச்சடித்ததா என்று துணியின் பின்பக்கத்தைக் காட்டி விளக்கினார். இரண்டும் அச்சடித்தவை என்பது அப்போதுதான் அவருக்கே உறுதியானது. குரல் மாறியிருந்தது. அன்று கடைசிவரை இருந்தார்.

எடுத்த முடிவுகள்

அந்தக் கூட்டத்திலும் அதற்கு அடுத்த இரண்டு வாரங்களிலும் எடுத்த முடிவுகள் இவை.

சேலையைத் தலைமைத் துணியாக வைப்பது. மற்ற எல்லாம் அதற்குத் துணை நிற்க வேண்டும். கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு மூன்றும் அதிலேயே இருப்பதால் வேறு நிறம் தேட வேண்டியதில்லை. தம்பி வீட்டு வெள்ளைக்கும் சாம்பலுக்கும் அந்த மஞ்சள் பளிச்சென்று எடுக்கும்.

180 சதுரங்களைக் கைவிடுவது. நவீன குவில்ட் என்று இன்று சொல்லப்படுவதில் பெரிய வெற்றிடம், பிளெயின் துணி, நடுவிலிருந்து விலகிய அமைப்பு, அளவுகோலை நம்பாமல் போகிற போக்கில் வெட்டிச் சேர்ப்பது ஆகியவை அதிகம். அமெரிக்காவில் 2009இல் இதற்கென்றே ஒரு சங்கம் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. ஆனால் வேர் பழையது. அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளை வெட்டித் தைத்தவை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. எங்கள் பாட்டி கிழிந்த சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பிலும் அந்தத் துணிச்சல்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் இருக்கும் துணிதான் வடிவத்தைச் சொல்லும்.

புது அமைப்பு எளிமையானது. இடப்பக்கம் 6 அங்குலம் பிளெயின், அடுத்து 14 அங்குல அகலத்தில் மேலிருந்து கீழ்வரை துண்டுப் பட்டைகள், வலப்பக்கம் 28 அங்குலம் மறுபடி பிளெயின். பிளெயினுக்குச் சாம்பல் கலந்த வெள்ளைப் பருத்தி 2 மீட்டர் போதும், இரண்டு துண்டும் ஒரே நீளத்தில் அகலவாக்கில் வந்துவிடும். பின்பக்கத்துக்கு 3 மீட்டர். 14 பூத்துணிகளில் கறுப்பு வெள்ளைப் படத்தில் மற்றவற்றிலிருந்து கொஞ்சமாவது விலகித் தெரிந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம், அதுவும் ஒரு அங்குலப் பட்டையாக.

நடுவில் வைக்கும் பஞ்சுக்கு மெல்லிய பருத்தி. இங்கே ஆண்டு முழுக்கப் புழுக்கம். பாலியெஸ்டர் பஞ்சு உப்பலாக, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்திப் பஞ்சு முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கம் குவில்ட்டுக்கு ஒரு பழகிய தோற்றம் தருவதால் அதை ஏற்றுக்கொண்டோம்.

சேலையை வெட்டும் நாள் எங்களுக்குக் கடினமான நாள். ஜன்னலுக்கு எதிரே பிடித்து இழை விட்டுப்போன இடங்களைச் சாக்பீஸால் குறித்தோம். மடித்து மடித்து வைத்த கோடுகளிலும் கால் உரசும் கீழ்க்கரையிலும் நைந்திருந்தது. முந்தானைப் பக்கம் திடமாக இருந்தது. அங்கிருந்து மட்டும் ஒரு கஜம் எடுப்பது, மீதியை முழுதாக மடித்து வைப்பது என்று முடிவு செய்தோம். எடுத்த துணியின் பின்னால் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உள்துணியை ஒட்டினோம், பட்டையாக வெட்டினாலும் பிரியாமல் இருக்க. முதல் வெட்டு நீங்கள் போடுங்கள் என்று கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். நான் மறுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு அவரே வெட்டினார்.

சாயம்

எல்லாத் துணிகளையும் வெட்டும் முன் அலசி எடுத்தோம். பல முறை துவைத்த சேலை இனிச் சுருங்காது, புதுத் துணி சுருங்கும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் பிறகு ஒன்று இழுக்கும். சேலையில் சாயம் போகுமோ என்ற பயத்தில் அதை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைக்கு இடையில் வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்தோம். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

ஆகஸ்டில் மேல்பகுதி, பஞ்சு, பின்துணி மூன்றையும் இரண்டு அங்குல இடைவெளியில் நேர்கோடுகளாகத் தைத்து முடித்தார். சுற்று ஓரத்துக்கு அடர்சாம்பல் துணி வைத்திருந்தோம். கடைசி வாரத்தில், அரக்கு நிறத்தில் ஓரம் இருந்தால் சேலையோடு சேரும் என்று தோன்ற, அரை மீட்டர் அரக்குப் பிளெயின் வாங்கி வந்தார். அலச வேண்டுமா என்று என்னைக் கேட்டார். "ஓரம்தானே, கடைத் துணிதானே, நேரமில்லை, வெட்டு" என்றேன். நான் முதலில் குறிப்பிட்ட என் தவறு இதுதான். பழைய துணியைச் சந்தேகப்பட்டு, புதுத் துணியை நம்பிவிட்டேன்.

முதல் சலவையில் அரக்கு இறங்கியது. குவில்ட் மடிந்திருந்த இடங்களில் எல்லாம், ஓரம் தொட்ட வெள்ளையில் இளஞ்சிவப்புத் திட்டுகள். விழாவுக்கு இன்னும் 17 நாள். இரவு ஒன்பது மணிக்குக் குவில்ட்டை வாளியில் போட்டுக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கல்லுப்புப் போட்டு ஊற வைக்கலாம் என்று அவருடைய பெரியம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தார். உப்பும் வினிகரும் ஏற்கெனவே ஏற்றிய சாயத்தைப் பருத்தியில் நிலைக்க வைப்பதில்லை. குழுவின் வாட்ஸ்அப்பில் படம் போட்டோம். சீன ஆன்ட்டி உடனே அழைத்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை, "காய விடாதே." ஈரமாக இருக்கும்வரை சாயம் வெளியே வரும். காய்ந்து, அதன்மேல் இஸ்திரிச் சூடும் பட்டால், எடுப்பது கடினம்.

பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கை பொறுக்காத சுடுநீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, குவில்ட் முழுதும் மூழ்கி மிதக்கும்படி 12 மணி நேரம் வைத்தோம். தண்ணீர் நிறைய இருந்தால்தான் வெளியேறிய சாயம் மறுபடி துணியில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நிற்கும். காலையில் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. இரண்டாம் தண்ணீர் வெளிறியது. மூன்றாம் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் எடுத்துப் பார்த்தபோது தெளிவாக இருந்தது. திட்டுகள் போய்விட்டன. வலது கீழ்மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று மட்டும் மங்கலாக நின்றுவிட்டது.

விளைவு

பெயரும் ஆண்டும் எழுதிய ஒரு துண்டைக் குவில்ட்டின் பின்பக்கத்தில் தைக்க வேண்டும் என்பது குழுவில் கிடைத்த யோசனை. அன்று பேச்சு சாங்கி குவில்ட்டுகளுக்குப் போயிருந்தது. 1942இல் சாங்கிச் சிறையில் அடைபட்ட பெண்கள், தனியே பிரித்து வைக்கப்பட்ட கணவர்மாருக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க, கிடைத்த துணியில் ஆளுக்கொரு சதுரம் தைத்துப் பெயர் போட்டார்கள். குவில்ட்டுக்கு 66 சதுரங்கள், மூன்று குவில்ட்டுகள். அவற்றில் இரண்டு இப்போது கான்பெராவில், ஒன்று பிரிட்டனில். கேட்டுக்கொண்டிருந்த இவர், தன் அம்மாவின் பெயரைத் தமிழில் நூலால் எழுதிக் கறை நின்ற மூலைக்கு நேர்பின்னே தைத்தார்.

தம்பி மனைவி அதைச் சோபாவில் விரித்துப் பார்த்து, "சிம்பிளாத்தான் இருக்கு அண்ணி, ஆனா இந்த மஞ்சள் மேலயே கண்ணு போகுது" என்றார். தம்பி பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

மிஞ்சிய 11 பூத்துணிகளில் எட்டைக் குழுவின் மாற்று மேசையில் வைத்தார். ஒரு மலாய்த் தோழி பதிலுக்குப் பாத்தேக் (மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் துணி) சாரோங் துண்டுகள் கொடுத்தார். நெருக்கமான நெசவு, குவில்ட்டுக்கு ஏற்ற பருத்தி. பாலியெஸ்டர் இரண்டும் பைகளுக்கு உள்துணியாயின, ரேயான் என் அலமாரியில் இருக்கிறது. செப்டம்பருக்குப் பிறகு அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. புதிதாக வரும் தமிழ்ப் பெண்கள் இருவரிடம், தைத்துச் சரிவராத ஒன்றை எடுத்து வாருங்கள் என்று அவரே சொல்லி அனுப்புகிறார்.

அடுத்த முறை

முதலில் பின்னணிப் பிளெயின், அடுத்து மிக அடர்ந்தது ஒன்று, மிக வெளிறியது ஒன்று. இவை மூன்றும் கையில் வந்தபின்தான் அச்சுத்துணி. கடையிலேயே துணிக்கட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பது. கணக்கைத் தாளில் எழுதி எடுத்துப் போவது. குழுவிடம் நான்காவது கட்டத்தில் அல்ல, முதல் கட்டம் தைத்ததுமே போவது. அவர் இப்படிச் சொல்கிறார், நானும் ஒத்துக்கொள்கிறேன். என் பங்குக்கு நான் மாற்றிக்கொண்டது ஒன்று: அரை மீட்டரானாலும், ஓரமானாலும், அடர்நிறத் துணி எதுவும் ஈரச் சோதனை இல்லாமல் என் மேசையில் வெட்டப்படாது.

பாத்தேக் துண்டுகளை வைத்து இரண்டாவது குவில்ட் தொடங்கியிருக்கிறார். போன ஞாயிறு அதற்காகக் கால் மீட்டர் கறுப்புத் துணி வாங்கி வந்து, நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைக்கு இடையில் வைத்து இஸ்திரி போட்டோம். கைக்குட்டையில் நீலக்கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வேறு கறுப்புத் தேடப் பேருந்து ஏறினோம்.